உள்தாழ்ப்பாள்

அந்தக் காரை நான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 ஜனவரி. நியூ ஜெர்சியில் எங்கள் தமிழ்ச் சபை, ஒரு பழைய அமெரிக்கச் சபையின் ஆலயத்தை ஞாயிறு மதியங்களில் வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறது. ஹாலின் சாவி என்னிடம் இருக்கும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் ஹீட்டரைப் போட்டு, மைக் சரிபார்த்து, நாற்காலிகளைப் போட வேண்டும். பின்பக்க பார்க்கிங்கில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நிஸான் நின்றது. கண்ணாடிகளில் உள்பக்கமாக ஈரம் படிந்து உறைந்திருந்தது. முதல் வாரம் யாரோ வண்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் வாரம் கிட்டத்தில் கடந்து போகும்போது, சாய்த்துப் போட்ட முன்சீட்டில் போர்வைக் குவியலுக்குள் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது.

நான் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

காரணங்கள் இருந்தன. இந்த ஊரில் தெரியாதவர் காரின் கண்ணாடியைத் தட்டக் கூடாது. உள்ளே இருப்பவரிடம் துப்பாக்கி இருக்கலாம். அவள் பயந்து போலீஸைக் கூப்பிட்டால், விசாவில் இருக்கிற கறுப்பு நிற ஆண் நான். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை. நல்ல சமாரியன் உவமையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை.

தட்டியவர் அமெரிக்கச் சபையைச் சேர்ந்த ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர், பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பெண்ணுக்கு அப்போது எட்டாவது மாதம். நர்ஸம்மா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சூடாக ஏதோ கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை முழுக்க போன் போட்டிருக்கிறார். தனிப் பெண்களுக்கான தங்குமிடத்தில், பிரசவத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவரை எங்களால் பொறுப்பேற்க முடியாது என்றார்கள். குடும்பங்களுக்கான தங்குமிடத்தில், குழந்தை பிறந்தபிறகு வரச்சொல்லுங்கள், அப்போதுதான் அவர் குடும்பம் என்றார்கள். இடத்துக்கு இடம் விதிகள் வேறு. ஆனால் அன்றைக்கு அவர் கூப்பிட்ட எண்கள் எல்லாவற்றிலும் கிடைத்த பதில் இந்த இரண்டில் ஒன்றுதான்.

எங்கள் தொழிலில் இதற்கு ‘எட்ஜ் கேஸ்’ என்று பெயர். இரண்டு நிபந்தனைகள் எழுதுவோம், இரண்டுக்கும் நடுவில் யாரோ விழுவார்கள். டெஸ்டிங்கில் பிடிபடவில்லையென்றால் வாடிக்கையாளர் கத்தும்போது தெரியவரும். இங்கே விழுந்தவளுக்குக் கத்தவும் இடமில்லை. வயிற்றில் குழந்தையோடு இருக்கிற மாதங்கள் முழுக்க அவள் எந்தப் படிவத்திலும் இல்லை.

குழந்தை நர்ஸம்மா வீட்டில் இருக்கும்போதே பிறந்தது. அதற்கடுத்த மாதம் இரண்டு சபைகளும் சேர்ந்து நடத்தும் கூட்டத்தில் அவர் எழுந்து, ஆலயத்தின் பின்னால் பூட்டிக் கிடக்கும் குருமனையைக் கேட்டார்.

குருமனை என்றால் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். போதகர் குடும்பத்துக்காகச் சபை கட்டித் தரும் வீடு. இங்கே அது நான்கு படுக்கையறை கொண்ட மரவீடு. இப்போதைய போதகருக்குச் சொந்த வீடு இருந்ததால் ஆறு வருடமாக காலி. அதை வாடகைக்கு விட்டால் ஆலயத்தின் கூரையை மாற்றலாம் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அமெரிக்கச் சபையில் மிச்சமிருப்பது நாற்பது வயசாளிகள். ஆள்பலமும் சம்பளமும் இருக்கிற கூட்டம் எங்களுடையது. ஆகவே நர்ஸம்மாவின் பார்வை எங்கள் பக்கம் இருந்தது.

எங்கள் கமிட்டியில் அன்றைக்கு நடந்ததை நான் குறிப்பெடுத்தேன், நான்தான் காரியதரிசி. ‘ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைங்க விளையாடுற இடம், அங்க யார் யாரோ வந்து போவாங்க.’ ‘புருசன் தேடிட்டு வந்து சண்ட போட்டா?’ ‘போலீஸ் கேஸ் ஆனா நம்ம கிரீன் கார்டு என்ன ஆவும்?’ ஒரு அண்ணன், நல்ல மனிதர், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பவர், மெதுவாகக் கேட்டார்: ‘உதவி பண்றது சரி. ஆனா தப்பு பண்ணிட்டு வர்றவங்களுக்கு நாம வீடு குடுத்தா, நம்ம பொம்பளப் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கோம்?’

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குறிப்பில் ‘சில கேள்விகள் எழுப்பப்பட்டன’ என்று எழுதினேன். ஓட்டெடுப்பில் இரண்டு ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. அதில் என்னுடையது ஒன்று. மூன்று ஞாயிறுகளுக்கு நான் கொடுத்த காணிக்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

*

கணக்கும் காகிதமும் என் தலையில் விழுந்தன. ‘சாஃப்ட்வேர் பையன், எல்லாம் பண்ணுவான்’ என்பது இரண்டு சபைகளும் ஒத்துப்போகும் ஒரே கொள்கை. சம்பளம் இல்லாத வேலை என்பதால் விசாவுக்குப் பாதகமில்லை என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு வீட்டைத் திறந்து ‘வாங்க’ என்று சொல்ல ஒன்றரை வருடமானது. வீட்டு மண்டலத்தில் ஒருவருக்கொருவர் உறவில்லாத பெண்கள் தங்கினால் அது வீடா, விடுதியா? விடுதி என்றால் உரிமம் வேண்டும். கார் எத்தனை நிற்கும்? தீ வந்தால் மாடியிலிருந்து எப்படி இறங்குவார்கள்? டவுன் ஹாலில் நடந்த விசாரணையில் பக்கத்துத் தெருக்காரர்கள் வரிசையாக வந்து மைக்கைப் பிடித்தார்கள். எல்லோரும் ‘நாங்கள் இந்தப் பெண்களுக்கு எதிரானவர்கள் அல்ல’ என்றுதான் ஆரம்பித்தார்கள். முடிக்கும்போது எல்லோரும் பார்க்கிங்கில் வந்து நின்றார்கள். 2000இல் வந்த ஒரு மத்தியச் சட்டம், நில உபயோக விதிகளைக் காட்டி மத நிறுவனங்களை நியாயமில்லாமல் நெருக்கக் கூடாது என்கிறது. எங்கள் வக்கீல் அதன் பெயரை ஒரு முறை உச்சரித்ததும் மேசைக்குப் பின்னால் இருந்தவர்களின் முகபாவம் கொஞ்சம் மாறியது.

சலித்துப்போய் ஒருநாள் நர்ஸம்மாவிடம், ஒரு நல்ல காரியத்தைச் செய்ய விடாமல் இந்தச் சட்டங்கள் எதற்கு என்று கேட்டேன். அவர் காத்லீன் டிஃபியோரின் கதையைச் சொன்னார். எல்லோரும் கேத்தி என்பார்கள். இதே நியூ ஜெர்சிக்காரர். கொடுமையான மணவாழ்க்கையிலிருந்து வெளியேறித் தங்க இடமின்றி அலைந்தவர். பிறகு நல்ல வேலைக்குப் போய்த் தலையெடுத்து, 1981இல் ராம்ஸி என்ற ஊரில் தன் சொந்த வீட்டிலேயே கர்ப்பிணிகளைத் தங்கவைக்க ஆரம்பித்தார். அரசு அவருக்கு 10,000 டாலர் அபராதம் போட்டது. குற்றம், உரிமமின்றி விடுதி நடத்தியது. அவர் அன்னை தெரசாவின் உதவியை நாடினார். அவருடைய ஆதரவோடு போராடி, இப்படிப்பட்ட வீடுகளுக்குச் சட்டத்தில் விலக்கு வாங்கினார். அவரைப் பற்றி ‘கிம்மி ஷெல்டர்’ என்று ஒரு படம் 2014இல் வந்தது. வனெஸா ஹட்ஜன்ஸ் தங்க வரும் பெண்ணாகவும், ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பாதிரியாராகவும் நடித்தது. பார்த்தேன். கடைசி அரை மணி நேரம் சர்க்கரை தூக்கல்.

எனக்கு அபராதம் போட்ட அதிகாரியின் மேல் கோபம் வந்தது. நர்ஸம்மா சிரித்தார். ‘அந்த விடுதிச் சட்டம் 1979இல் வந்தது. அடுத்த வருடம் ஜூலையில் பிராட்லி பீச்சில் ஒரு விடுதி எரிந்தது. 24 பேர் செத்தார்கள். வயதானவர்கள், மனநல மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள். போக வேறு இடமில்லாதவர்களை அடைத்துவைக்கிற வீடுகள் அப்படித்தான் இருந்தன. அந்த அதிகாரிக்கு எது நல்ல வீடு, எது கெட்ட வீடு என்று வாசலில் நின்று எப்படித் தெரியும்?’

இதை நான் நிறைய நாள் யோசித்தேன். உள்ளே இருப்பவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளிடம் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வீடுகள் பெரும்பாலும் கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தோடு பின்னிப்பிணைந்தவை. டிஃபியோரும் அந்தப் பக்கம்தான். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு அந்த வார்த்தையை எடுத்தாலே கூட்டம் இரண்டாகப் பிளக்கும். எங்களுடையதும் பிளந்தது. நன்கொடை தர முன்வந்த ஒருவர், ‘குழந்தையைப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதி வாங்கச் சொன்னார். நர்ஸம்மா அந்தக் காசோலையைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கருக்கலைப்பை ஏற்பவர் இல்லை. ஆனாலும், ‘வேறு முடிவெடுக்கிறவளுக்கும் அன்றைக்கு ராத்திரி தூங்க ஒரு கட்டில் வேண்டும்’ என்றார். எங்கள் தமிழ்ச் சபையில் இந்த விவாதம் நடக்கவே இல்லை. நாங்கள் காது கேட்காதது மாதிரி சாப்பாடு பரிமாறப் போய்விட்டோம்.

*

வீட்டு விதிமுறைகளை எழுதியது நான். இணையத்தில் கிடைத்த பத்துப் பதினைந்து தங்குமிடங்களின் விதிகளைப் படித்து, தொகுத்து, இருபத்திரண்டு விதிகளாக வைத்தேன். இரவு பத்து மணிக்குள் வர வேண்டும். போதைப்பொருள் கூடாது. முறைவைத்துச் சமைக்க வேண்டும். பதினான்காவது விதி: பாதுகாப்புக் கருதி, படுக்கையறைக் கதவுகளில் பூட்டு இருக்காது. கமிட்டியில் அதன் மேல் ஒரு கேள்விகூட வரவில்லை.

ஊருக்கு வாரம் ஒருமுறை பேசும்போது அத்தையிடம் இதையெல்லாம் அளந்தேன். அப்பாவின் அக்கா. தூத்துக்குடிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா வேலைக்குப் போனதால் என்னைத் தூக்கி வளர்த்தது அத்தைதான். பரீட்சைக்குக் கிளம்பும்போது ஜெபம் பண்ணி நெற்றியில் முத்தம் கொடுப்பது, அசனத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது எல்லாம் அத்தை. விதிகளைத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். என்ன ஒழுங்கு பார்த்தீர்களா என்ற பெருமை எனக்கு.

பதினான்கு வந்ததும், ‘எய்யா, அத திருப்பிச் சொல்லு’ என்றார்.

சொன்னேன்.

‘ஏன், பூட்டு வச்சா என்னவாம்?’

‘உள்ள ஏதாவது ஆச்சுன்னா கதவ ஒடைக்க முடியாதுல்லா அத்த.’

கொஞ்ச நேரம் சத்தமில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, ‘நான் இருந்த எடத்துல தாப்பா வெளிய கெடந்துச்சு’ என்றார்.

எந்த இடம் என்று கேட்டேன். அத்தை ஹாஸ்டலில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்போதுதான் சொன்னார். 1976. அத்தைக்கு இருபத்தோரு வயது. தாத்தா உபதேசியார். விஷயம் வெளியே தெரிந்தால் சேகரத்தில் ஒழுங்கு நடவடிக்கை வரும், திருவிருந்திலிருந்து விலக்குவார்கள், தாத்தாவின் வேலையும் போகும். மலையடிவாரத்தில் ஒரு ஊரில் இருந்த ஹோமுக்கு ராத்திரி பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். ஊரில், நர்ஸ் டிரெயினிங் போயிருக்கிறாள் என்று பேச்சு. ஐந்து மாதம். பதினோரு பெண்கள் ஒரே ஹாலில். யாரும் யாரிடமும் சொந்தப் பெயர் சொல்லக் கூடாது. அத்தைக்கு அங்கே வேறு பெயர். பகல் முழுக்கத் தையல். ‘தைக்கப் படிச்சது அங்கனதான் பாத்துக்கோ. அதுதான் சோறு போட்டுச்சு, அதச் சொல்லணும்.’

அதற்கு மேலும் சொன்னார். ‘அடிக்கல, வையல. நல்ல சாப்பாடு. காலையில முட்டகூட குடுப்பாங்க. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு தாப்பா போடுவாங்க, வெளிய. நான் செவத்தப் பாத்து திரும்பிப் படுத்துக்கிட்டு அந்தச் சத்தத்துக்குத்தான் காத்துக் கெடப்பேன். அது கேட்ட பொறவுதான் தூக்கம் வரும். இப்பவும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாதிரி இருக்கும்.’

குழந்தையைப் பற்றி ஒரே வாக்கியம். ‘பொம்பளப் பிள்ளன்னு சொன்னாங்க. பாக்க விடல.’

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எதுவும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அத்தையே பேச்சை மாற்றி, அங்கே குளிர் எப்படி, பிள்ளைக்குச் சளி போய்விட்டதா என்றெல்லாம் விசாரித்தார்.

இதை எழுதலாமா என்று பின்னால் அத்தையிடம் கேட்டேன். ‘எழுது. ஊரு பேரு, ஹோம் பேரு போடாத. அந்தச் சிஸ்டர்மாரும் யாரோ சொன்னதத்தான செஞ்சிருப்பாங்க’ என்றார். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. ஆனால் அத்தை சொன்னபடியே செய்கிறேன்.

*

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் அயர்லாந்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ட்யூம் என்ற ஊர். 1925இலிருந்து 1961 வரை அங்கே மணமாகாத தாய்மார்களுக்கு ஒரு இல்லம் இருந்தது, நடத்தியது பான் செக்யூர் கன்னியர். கேத்தரீன் கோர்லஸ் என்ற உள்ளூர்ப் பெண், தொழில்முறை வரலாற்றாசிரியர்கூட இல்லை, காசு கட்டி இறப்புச் சான்றிதழ்களை வாங்கி எண்ணினார். அந்த இல்லத்தில் இறந்த குழந்தைகள் 796. அடக்கம் செய்த பதிவு கிட்டத்தட்ட எதற்குமே இல்லை. 2014இல் இது உலகச் செய்தியானது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. 2021 ஜனவரியில் வந்த அதன் அறிக்கையின்படி, ஆராய்ந்த 18 இல்லங்களில் இறந்த குழந்தைகள் சுமார் 9,000. கடந்துபோன தாய்மார்கள் சுமார் 56,000. பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ட்யூமில் முழு அளவில் தோண்ட ஆரம்பித்தது 2025 ஜூலையில்தான்.

அந்த இல்லங்களும் திருச்சபையின் ஆதரவில் நடந்தவை. ‘திக்கற்ற கர்ப்பிணிகளுக்கு அடைக்கலம்’ என்று அவற்றைப் பற்றியும் ஒருவர் எழுதியிருக்க முடியும், பொய்யில்லாமல். எங்கள் நன்கொடைக் கடிதத்தில் நானே எழுதியிருந்த வாக்கியம் அது. அதை எடுத்துவிட்டேன்.

அவர்களும் எங்களைப்போல மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஜெபம் பண்ணி, விதிகளை எழுதியிருப்பார்கள். காரியதரிசி ஒருவன் குறிப்பெடுத்திருப்பான். தாழ்ப்பாளை வெளியே வைக்கலாம் என்ற முடிவு கெட்ட எண்ணத்தில் எடுத்ததாக இருந்திருக்காது. பாதுகாப்புக் கருதி என்றுதான் இருந்திருக்கும்.

அடுத்த கமிட்டியில் பதினான்காவது விதியை எடுக்க வேண்டும் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. எதிர்த்தவர் நான் எதிர்பார்க்காதவர், நர்ஸம்மா. பூட்டிய குளியலறைக்குள் ரத்தப்போக்கில் மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணை அவர் பார்த்திருக்கிறார். கதவை உடைக்க நான்கு நிமிடம் ஆனதாம். ‘அந்த நான்கு நிமிடத்தை நான் உனக்காக மறந்துவிட முடியாது’ என்றார். அவர் சொன்னதும் சரி. எனக்குக் கோபத்தில் குரல் நடுங்கியது, சம்பந்தமில்லாமல் அயர்லாந்து என்றேன், ட்யூம் என்றேன். கடைசியில் என் அத்தை என்றேன். தமிழ்ச் சபைக்காரர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ‘நம்ம பொம்பளப் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கோம்’ என்று கேட்ட அண்ணனும் இருந்தார். அவருக்கு என் அத்தையைத் தெரியும். பக்கத்து ஊர், அவரது தங்கைக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்வு சிறியது. இங்கே வீடுகளின் குளியலறைக் கதவில் இருக்கும் சாதாரணக் குமிழ்ப் பூட்டு. உள்ளே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து குமிழைத் திருப்பினாலே திறந்துவிடும், சாவி தேட வேண்டாம், தீயணைப்பு ஆய்வாளருக்கு அதுதான் முக்கியம். வெளிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் ஒரு கம்பியை நுழைத்து அழுத்தினால் பூட்டு விடுபடும். ஹோம் டிப்போவில் விற்கிறது. கம்பியை எல்லோர் கண்ணிலும் படும்படி நடையில் ஆணியில் மாட்டுவது. இரண்டு முறை தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் இல்லையென்றால் மட்டும் எடுப்பது. எடுத்தவர் நேரத்தையும் காரணத்தையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. அந்த நோட்டை உள்ளே இருக்கும் பெண் எப்போது கேட்டாலும் காட்டுவது. கடைசி விதி நர்ஸம்மா சேர்த்தது.

குமிழ்களை மாட்ட ஒரு சனிக்கிழமை போனேன். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றார். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது கதவில் துளை சரியாகப் பொருந்தாமல் மரத்தைச் செதுக்க வேண்டியிருந்தது. அவர் செதுக்கினார்.

இதெல்லாம் போக, ஆயிரம் சில்லறை விஷயங்கள். சபையார் ஆசையோடு கொண்டுவந்து இறக்கிய குழந்தைக் கட்டில்களில் முக்கால்வாசி, ஒரு பக்கம் இறக்கி ஏற்றும் வகை. குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால் 2011இலேயே தடை செய்துவிட்டார்கள். ‘என் மூன்று பிள்ளைகளும் இதில்தான் வளர்ந்தார்கள்’ என்று ஒரு தாத்தா கண் கலங்கினார். அவர் போனபிறகு உடைத்து குப்பையில் போட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் காரில் கூட்டிவர அதற்கான சீட் வேண்டும். சீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

2024 நவம்பரில் முதல் பெண் வந்தாள். அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. இரவுப் பொறுப்பில் இருந்த நர்ஸம்மா சொன்ன ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அறைக்குள் போனதும் பூட்டு அழுத்தும் சத்தம் கேட்டதாம். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் சத்தமும் கேட்டதாம். நாற்காலி இருந்தால் கம்பியால் பிரயோஜனமில்லை. கமிட்டியில் இதற்கு விதி இல்லை. நர்ஸம்மா நடையில் ஒரு சோபாவைப் போட்டு ஒன்பது இரவு அங்கேயே படுத்தார். பத்தாம் நாள் நாற்காலிச் சத்தம் இல்லை என்று எனக்குக் காலை ஆறு மணிக்கு மெசேஜ் அனுப்பினார்.

அத்தையிடம் சொன்னேன். நாற்காலி விஷயத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. ‘எத்தன மாசம்?’ என்று மட்டும் கேட்டார்.

ஜனவரியில் ஊரிலிருந்து வந்த நண்பன் ஒரு பொட்டலம் கொடுத்தான். பன்னிரண்டு ஜப்லா, வெள்ளைப் பருத்தி, பின்பக்கம் நாடா. ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத தையல். நியூ ஜெர்சி ஜனவரிக்கு எந்த விதத்திலும் உதவாத துணி. ஆனால் அந்த வீட்டின் ஹீட்டர் பழையது, ஒன்று எரிக்கும் அல்லது அணையும். உள்ளே எப்போதும் வெக்கை. குழந்தை அந்த ஜப்லாவில்தான் கிடந்தது. அம்மாவின் அனுமதியோடு, முகம் தெரியாமல், துணியும் கைகளும் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பினேன்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. ‘டைப்பிங்’ என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. அரைமணி நேரம் கழித்துக் குரல்செய்தியாகப் பதில் வந்தது.

‘கை நீளம் பத்தல எய்யா. அடுத்ததுல கூட ஒரு இஞ்சு விட்டுத் தைக்கேன்.’